நான் நீக்கிய இருபத்தேழு பேர்

தம்பி,

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி ஏறும்போது, "என்னம்மா, நாலு நாளா ஒண்ணுமே சொல்லாம இருக்க?" என்று கேட்டாய். "பாத்துச் செய்" என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நிம்மதியாகச் சிரித்து, பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாய். அது சம்மதம் இல்லை. உன்னிடம் இதுவரை எதையும் செய்யாதே என்று நான் சொன்னதில்லை. எந்தப் பாடம் எடுப்பது, எந்த ஊரில் இருப்பது, எல்லாம் நீயே முடிவு செய்தாய். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பழக்கத்தால், சொல்லியே ஆகவேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை. ஒரு நகல் இன்று கூரியரில் உனக்கு வருகிறது. இன்னொன்றைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போனில் எழுதினால் நீ படிப்பதற்குள் நானே அழித்துவிடுவேன். தவிர, இதில் நான் சொல்லப்போகும் தப்பு வீட்டுக்குள் முடிந்த தப்பு இல்லை. வெளியில் பலர் அதன் பலனை அனுபவித்தார்கள். அதனால் வெளியிலேயே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் உன் புது வேலையைப் படம் போட்டுக் காட்டினாய். ஒரு வட்டம், அது நீ அடுத்த மாதம் போகப்போகிற நாடு. வட்டத்துக்குள் வரும் கோடுகள், வெளி உலகத்திலிருந்து வரும் இணைய இணைப்புகள். கோடுகள் வட்டத்தைத் தொடும் இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டம். அந்தக் கட்டங்களை ஒரே இடத்திலிருந்து மூடவும் திறக்கவும் செய்கிற ஏற்பாட்டைத்தான் உன் கம்பெனி அந்த அரசாங்கத்துக்குச் செய்து கொடுக்கிறது. நாட்டின் பெயரைச் சொல்லக்கூடாது என்றாய். நான் கேட்கவில்லை. "சண்டை வந்தா கரண்டு, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாத்தையும் வெளியே இருந்தே நிப்பாட்டிருவாகம்மா. அதான் ஒவ்வொரு நாடும் இப்படி ஒண்ணு கட்டி வச்சுக்கிருது" என்றாய். உன் அப்பா குனிந்து படத்தைப் பார்த்தார். "அட, நம்ம வாய்க்கா மதகு மாதிரித்தான்லே. அப்ப நீ மடை திறக்குற ஆளு. வருசத்துக்கு ரெண்டு மரக்கா நெல்லு குடுப்பாகளா?" என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வாய்க்கால் மதகை ஒருவன் அடைத்தால் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து அவன் வீட்டு வாசலில் நின்று கத்தலாம். உன் கட்டங்களை அடைக்கிறவன் வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. நான் இணையத்தைக் கும்பிடுகிறவளும் இல்லை. வகுப்பில் என் பிள்ளைகள் போனில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பொய்யைப் பரப்பிக் காசு பார்க்கிற பெரிய கம்பெனிகளைப் பற்றியும் தெரியும். நாடுகள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கடலுக்கடியில் போகிற கம்பியை யாராவது அறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை பொய்க் கவலை இல்லை. ஆனால் பயத்தில் செய்கிற ஏற்பாடு பயம் போன பிறகும் அப்படியே இருக்கிறது. எதிரிக்கென்று கட்டினது, பரீட்சைத் தாள் வெளியானதற்கும் ஊர்வலம் நடந்ததற்கும் கூடப் பயன்படத் தொடங்கிவிடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை.

நல்லதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நான் மதுரையில் இயற்பியல் படித்தபோது, விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மறைப்புத் தட்டிகளுக்கு நடுவில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு என் ஆய்வில் சிக்கிக்கொண்ட ஒரு கணக்கை அனுப்பினேன். எங்கள் துறையில் இருந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர். இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் மலையில் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. அவர் சண்டையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மூன்றாவது சமன்பாட்டில் கூட்டல் குறி வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு குறியால்தான் என் பட்டம் முடிந்தது. என் பட்டத்தால்தான் இந்த வேலை, இந்த வேலையால்தான் உன் படிப்பு. அன்றைக்கு நடுவில் உன் கட்டம் எதுவும் இல்லை.

இனிமேல் சொல்வது உனக்குப் பாதி தெரிந்த கதை. மீதிப் பாதியை நான் மறைத்தேன். நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், மெட்டு ரோட்டில் உன் அப்பாவின் ஜீப் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கும். நமக்குக் கம்பம் மெட்டுக்கு மேலே, கேரளாவுக்குள், மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். கீழேயிருந்து பதினோரு பெண்கள் தினமும் விடியற்காலையில் அந்த ஜீப்பில் மேலே போய்க் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். நம்மைப் போல எத்தனையோ தோட்டங்கள், எத்தனையோ ஜீப்புகள். ரோட்டில் பனி இறங்கியதா, மரம் விழுந்ததா, யானை நிற்கிறதா என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மேலே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதற்காக 'மெட்டு ரோடு' என்று ஒரு வாட்ஸப் குழுவை நான்தான் தொடங்கினேன். இரண்டு பக்கத்து டிரைவர்கள், கங்காணிகள், தோட்டக்காரர்கள், செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பாபுச் சேட்டன் எல்லாரும் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் எழுத மாட்டார்கள், குரலில்தான் அனுப்புவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் விடிவதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிடும். "எட்டாம் வளைவுல ரெண்டு கொம்பன் நிக்குது, வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வாங்க" என்று யாராவது கேலி செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் அரிசி களைவேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அணைத் தண்ணீர்ப் பேச்சு மறுபடியும் சூடேறியது. இந்தப் பக்கம் ஊர்வலம், அந்தப் பக்கம் ஊர்வலம். நாலைந்து நாள் ஜீப்புகள் ஓடவில்லை. குழுவில் எங்கிருந்தோ வீடியோக்கள் வந்து விழுந்தன. கண்ணாடி உடைந்த பஸ், ரத்தத்தோடு ஒரு முகம். எந்த ஊர், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. பிறகு வசவு. உன் சித்தப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்து, "மதினி, அவெங்கள வச்சுக்கிட்டு நாம ஒரு வார்த்த பேச முடியுதா? இங்கன நாம பேசுறது அம்புட்டும் அங்கன போகுது. முதல்ல கழட்டி விடுங்க" என்றார். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கூட மன்னிக்கலாம். ஒழுங்குக்காகச் செய்தேன். சத்தம் ஓயட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, பெயர் பார்த்து, படம் பார்த்து, ஒவ்வொருவராக அந்தப் பக்கத்துக்காரர்கள் இருபத்தேழு பேரை நீக்கினேன். யார் எந்தப் பக்கம் என்பது சிலர் விஷயத்தில் சரியாகத் தெரியவில்லை. பாபுவின் அம்மா கீழே கூடலூர்க்காரி. ஆனால் பாபுவின் படத்துக்கு அடியில் மலையாள எழுத்து இருந்தது, அதனால் அவரையும் எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "டீச்சறே, ஞானும் போகணோ?" நானும் போக வேண்டுமா என்று கேட்கிறார். போகவேண்டும் என்று எழுத வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று எழுதினால் மற்ற இருபத்தாறு பேருக்கு என்ன சொல்வது? அதனால் அவருடைய எண்ணை பிளாக் செய்தேன், செய்தியும் வராமல் அழைப்பும் வராமல். இது உன் அப்பாவுக்கும் தெரியாது. அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

செவ்வாய்க்கிழமை ஜீப் மறுபடி கிளம்பியது. மேலே விடிய விடிய மழை பெய்து, ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. அடிவாரத்தில் ஒரு துளி மழை இல்லை. குழுவில் ஒரு சத்தமும் இல்லை, நான்தான் சத்தம் இல்லாமல் செய்திருந்தேனே. பனிக்குள் வளைவைத் திரும்பிய டிரைவர் மண்ணைப் பார்த்துப் பிரேக் போட, வண்டி மலைப்பக்கத்து ஓடையில் சாய்ந்தது. உயிர் யாருக்கும் போகவில்லை என்று ஊரே சாமிக்கு நன்றி சொன்னது. காய் எடுக்கப் போன பெண்களில் பேச்சியம்மா ஓரத்தில் உட்கார்ந்து வெளிக் கம்பியைப் பிடித்திருந்தாள். கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. தேனியில் வைத்து மூன்று விரல்களை எடுத்தார்கள். ஏலச்செடியில் காய் எடுப்பது உனக்குத் தெரியும். தூரடியில் குந்தி, சரத்தைத் தடவிப் பார்த்து, முற்றினதை மட்டும் கிள்ள வேண்டும். விரல்தான் கண். நீ ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாய். "மழை செஞ்ச வேலை தம்பி, யாரச் சொல்ல" என்று அவள் உன்னிடம் சொன்னாள். நான் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து மேலே போனேன். டீக்கடையில் பாபு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஜீப் கிளம்புவதற்கு ஐம்பது நிமிடம் முன்னால் எனக்கு அனுப்பிய ஒரு குரல் செய்தி. "ஞான் அயச்சதாணு டீச்சறே. இப்பவும் ஒத்த டிக்குதான்" என்றார். செய்தி எனக்கு வந்து சேரவே இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அனுப்பினேன் என்பதை நான் நம்பவேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். நான்கு தடவை கூப்பிட்டும் பார்த்தாராம். அவர்கள் மேலே தங்களுக்கென்று ஒரு புதுக் குழு தொடங்கியிருந்தார்கள். அதே செய்தி அதிலும் இருந்தது. அதில் இருந்த எல்லாருக்கும் அன்று காலை மண் சரிந்தது தெரியும். அவர்களில் ஒருவர்கூட அன்று அந்த ரோட்டில் ஏறவேண்டியவர் இல்லை.

இதை நீ வீட்டுக்கதை என்று தள்ளிவிடுவாய். நாட்டையும் வாட்ஸப் குழுவையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்பாய். நானும் எளிதில் எதையும் எதோடும் முடிச்சுப் போடுகிறவள் இல்லை. ஆனால் போன வருடம் என்னிடம் படித்த ஒரு பெண், நர்ஸ் வேலைக்குப் போன நாட்டில் சண்டை மூண்டது. முதல் நாளே அந்த அரசாங்கம் இணையத்தை அடைத்தது. காரணம் நீ சொன்னதேதான், எதிரி உள்ளே வந்துவிடுவான். அவளுடைய அம்மா தினமும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கேட் பக்கத்தில் எனக்காக நிற்பாள். "டீச்சர், ஒரு டிக்கு தான் விழுகுது. என் போன்ல ஏதும் கோளாறா பாருங்க" என்பாள். நான் வாங்கிப் பார்ப்பேன். கோளாறு இல்லை என்று தெரிந்தும், அணைத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பதினோரு நாள். குண்டு போடுகிறவனுக்கு அந்த அடைப்பு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. பாதாள அறை எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது உள்ளே இருந்த ஜனங்களுக்குத்தான். அந்தப் பெண் பிழைத்து வந்துவிட்டாள். அந்த அடைப்பை வரைந்தவனும் யாரோ ஒரு அம்மாவின் கெட்டிக்காரப் பிள்ளைதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, நீ படம் போட்ட காலண்டர் தாளைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

உன்னிடம் இதை எழுத எனக்கு உரிமை வேண்டும் என்றால் முதலில் பேச்சியம்மாவிடம் சொல்லவேண்டும். நேற்றுப் போனேன். இப்போது அவள் திராட்சைக் கொட்டகையில் இடது கையால் பெட்டிக்குக் காகிதம் விரிக்கிறாள். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, பெட்டி மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"எந்த விரல்ல அமுக்குனீக டீச்சர்?"

வலது கட்டை விரலைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரே அமுக்குல அம்புட்டுப் பேரும் போயிட்டாகளா?"

இல்லை, ஒவ்வொருவராக, இருபத்தேழு தடவை என்றேன்.

"அப்ப நேரம் இருந்துச்சுல்ல" என்றாள். "பாதியில நிப்பாட்டியிருக்கலாம்ல."

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று மனதில் ஒரு மூலையில் எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது வரவில்லை, வரவேண்டிய நியாயமும் இல்லை. எழுந்தபோது, உனக்கு எழுதப் போகிறேன், பத்திரிகையிலும் வரலாம், அவள் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? எம் பேரு போட்டே எழுதுங்க. தம்பி என்னைய மறந்திருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

நான் வேறு என்ன செய்து பார்த்தேன் என்று கேட்பாய். அந்த நர்ஸ் பெண் திரும்பி வந்த பிறகு செய்தித்தாள்களுக்கு எழுதினேன், போடவில்லை. எங்கெங்கே இணையத்தை அடைக்கிறார்கள் என்று படித்துப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு சுவர் எழுப்புகிறது. நம் நாட்டிலும் ஒரு கலவரம் என்றால் முதலில் போனைத்தான் சாகடிக்கிறார்கள். ஒரு காலத்தில் யாரும் யாரோடும் பேசலாம் என்றிருந்தது என்று சொன்னால் உன் பிள்ளைகள் நம்பாமல் போகலாம். எந்தத் தலைவரும் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் நான் சொன்னால் நின்று கேட்கக்கூடிய ஆள் ஒருவன்தான். அவனும் அடுத்த மாதம் சுவர் கட்டக் கிளம்புகிறான். பிறகு எனக்குப் பேச இடமே கிடையாது. இந்த மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இதை உன்னை மிரட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நிதானமானவள் என்று பெயர் எடுத்தவள், எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான்மா" என்றாய். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் அதுதான். நான் நீக்காவிட்டால் உன் சித்தப்பா அவர்கள் இல்லாமல் வேறு ஒரு குழுவைத் தொடங்கியிருப்பார். உண்மைதான், தொடங்கியிருப்பார். ஆனால் அவருக்கு அது எப்படி என்று தெரியாது. உன்னைத்தான் கூப்பிட்டிருப்பார். உனக்கு வியாழக்கிழமை வரை பரீட்சை, நான் விட்டிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைதான் புதுக் குழு வந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் பாபுவின் குரல் என் அடுப்படியில் கேட்டிருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்த நாலு நாள்தான்.

அதனால் வேறு ஒருவன் வரட்டும். அவனைத் தேட அவர்களுக்கு ஒரு மாதம் ஆகட்டும். அவன் உன் அளவுக்குக் கெட்டிக்காரனாக இல்லாமல் இன்னும் ஒரு மாதம் தடுமாறட்டும். அந்த ஊரில் யாரென்றே தெரியாத ஜனங்களுக்கு அந்த நாட்களை நீ கொடு. உன்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான், அது கொஞ்சம் இல்லை. அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. இதைப் படித்ததும் என்னோடு சண்டை போடவாவது கூப்பிடு. எத்தனை மணி ஆனாலும் எடுப்பேன்.

அம்மா